கிதோனுக்கு எடுத்து வைத்த ரொட்டி

லீவா? லீவு ஒண்ணும் இல்ல. போன்னு சொல்லி அனுப்பி விட்டுட்டாவ. அதும் பண்டிக நடக்கும்ப. நீங்க கொஞ்சம் தள்ளி இருங்க, இந்தப் பைய நான் மடியிலயே வச்சுக்கிடுகேன். பெட்டி முன்னால டிரைவருக்க பக்கத்துல கெடக்கு. நான் தக்கலையில எறங்கணும். நீங்க நாகர்கோவில் வரையா? நல்லதா போச்சு. பேசிட்டே போலாம். பிளேனு முழுக்க யார்ட்டயும் ஒரு வார்த்த பேசல.

எனக்க பேரு எப்சிபாய். இஸ்ரேல்லயாக்கும் இருந்தேன். வயசானவங்களப் பாத்துக்கிடுத வேல. கிராமந்தான். பக்கத்து டவுனு பெயெர்செபா. ஆமா, வேதத்துல வாற அதே பெயெர்செபா. ஆபிரகாம் கெணறு வெட்டுன ஊருல இப்ப நான் பஸ்சு மாறி ஏறுவேன். மொத மொதல்ல அந்தப் போர்டப் பாத்து அழுதுட்டேன். பொறவு பழகிப் போச்சு.

நான் பாத்துக்கிட்ட ஆளு பேரு நெகேமியா. அப்பச்சன்னுதான் கூப்பிடுவேன். கொச்சியில பொறந்த யூதரு. மீச மொளைக்குத வயசுல குடும்பத்தோட அங்க போனவரு. இப்ப புத்தி மங்கிப் போச்சு. பொறவு படிச்ச எபிரேயு பாதி கரைஞ்சு போச்சு, மொதல்ல படிச்ச மலையாளம் மட்டும் நிக்கி. அதுக்காகத்தான் என்ன எடுத்தாவ. நம்ம பக்கத்துப் பெண்ணுவளுக்கு மலையாளம் தனியா சொல்லித் தரணுமா? மகளுக்கு ஒரு வார்த்த தெரியாது. ஓர்லின்னு பேரு. அங்க பொறந்தவ, ஸ்கூல் டீச்சரு. அவளும் மாப்பிளையும் ரெண்டு பிள்ளைகளும் அதே வீடு. அப்பச்சன் எதாவது சொன்னா அவ எனக்க மூஞ்சப் பாப்பா. நான்தான் சொல்லணும், தண்ணி கேக்காரு, முதுகு வலிக்காம், அப்பிடின்னு. பெத்த அப்பன் என்ன சொல்லுகாருன்னு நான் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். அந்த அளவுக்கு என்ன நம்பி இருந்த வீடு.

குறை சொல்லப்படாது, ஓர்லி நல்லவதான். சத்தம் போட மாட்டா. எனக்க பிறந்தநாளுக்கு கேக்கு வாங்குவா. ஆனா அவ ஒரு பொய்யிலயாக்கும் வீட்ட நடத்துனா. அந்தப் பொய்யச் சொன்னாத்தான் உங்களுக்கு மத்தது வெளங்கும்.

அப்பச்சனுக்கு ஒரு மகன் உண்டு. உண்டு இல்ல, இருந்தான். கிதோன். கப்பல்ல வேல. லீவுக்கு வந்தவன் பைக்குல போய் லாரியில இடிச்சு அங்கனயே போய்ட்டான். நான் அங்க போறதுக்கு முன்ன நடந்தது. அப்ப அப்பச்சனுக்கு புத்தி தெளிவு. அடக்கத்துக்குப் போனாரு, தரையில இருந்து துக்கம் காத்தாரு, எல்லாம் மொறப்படி. பொறவு மறதி வந்துச்சு. மறதி வந்தப்ப மத்ததோட சேந்து மகன் செத்ததும் மறந்து போச்சு. கிதோன் எங்க, கிதோன் எங்கன்னு கேக்க ஆரம்பிச்சிருக்காரு. டாக்டரு சொன்னாராம், திருப்பிச் சொல்லாதீங்க, ஒவ்வொரு வாட்டியும் அது அவருக்குப் புதுசாட்டு இருக்கும்னு. அதனால வீட்டுல எல்லாரும் ஒரே பாட்டு. "கப்பல்ல இருக்கான். வந்திருவான்." சின்னப் பிள்ள வரைக்கும் பழக்கி வச்சிருந்தாவ. "மாமா கப்பல்ல இருக்கு தாத்தா." பச்சப் பிள்ளைக்கு பொய் படிச்சுக் குடுக்குதாவ, பாத்துக்கிடுங்க.

நானும் சொன்னேன், இல்லங்கல. வேலைக்குப் போன எடத்துல வேற என்ன செய்ய? ஆனா மனசு அடிச்சுக்கிட்டே இருக்கும். சின்ன வயசுல இருந்து பொய் சொல்லாம வளந்தவ நான். எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும், எப்சி வாயில இருந்து வந்தா அது உள்ளதுதான். அதனாலயே எனக்க கொழுந்தி எங்கிட்ட பேச மாட்டா.

இனிப் பண்டிகைக்கு வாறேன். பஸ்கா. நம்ம சபையில வாசிக்கத்தான செய்யோம், எகிப்துல அடிமையா கெடந்த ஜனம் ஒரு ராத்திரியில கெளம்பி ஓடிச்சு, மாவு புளிக்கக்கூட நேரம் இல்லன்னு. அந்த ஞாபகத்துக்கு அந்த ஒரு வாரம் புளிச்ச மாவு திங்க மாட்டாவ. திங்காம இருந்தா மட்டும் போதாது, வீட்டுலயே இருக்கப்படாது. ரொட்டி, பிஸ்கெட்டு, கேக்கு, ஒரு தூள் மிச்சம் இருக்கப்படாது. நமக்கு கிறிஸ்மஸுக்கு வெள்ள அடிக்கது ஒரு வேலயா? அங்க வந்து பாக்கணும். சோபாவுக்க இடுக்குல குச்சி விட்டு நோண்டணும். பிள்ளைகளுக்க ஸ்கூல் பையத் திருப்பிப் போட்டு உதறணும். கோட்டுக்க பாக்கெட்டு, காருக்க சீட்டு, புஸ்தகத்துக்க எடையில கூட. ஓவன நான் கழுவுன மாதிரி எனக்க பிள்ளையக்கூட கழுவினது இல்ல. கொச்சிக்காரங்க அந்த வாரம் சோறு திங்கலாம். ஆனா அரிசிய ஒண்ணு ஒண்ணா பொறுக்கணும், எடையில ஒரு கோதும இருந்திரப்படாது. அத ஒரு வாட்டி பொறுக்கினாப் பத்தாது, திருப்பித் திருப்பிப் பொறுக்கணும். அந்த வாரத்துக்குன்னு தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, எல்லாம் மேல கெட்டி வச்சிருக்கும்.

அப்பிடிப்பட்ட வீட்டுல அப்பச்சன் என்ன செய்யாரு? ரொட்டி ஒளிச்சு வைக்காரு.

எப்பமும் உள்ள பழக்கந்தான். சாப்பிட்டுட்டு இருக்கும்ப ஒரு துண்டப் பிச்சு பாக்கெட்டுல போட்டுக்கிடுவாரு. பொறவு பைய நடந்து கிதோனுக்க படுக்க முறிக்குப் போயி, மேச டிராயருல, தலைகாணிக்கு அடியில, செருப்புக்குள்ள கூட வச்சிட்டு வருவாரு. ஏன்னு கேட்டா, "அவன் பசியோடயாக்கும் வரும் மோளே." மத்த நாளுல நான் எடுத்துக் கோழிக்குப் போட்டிருவேன். பஸ்காவுக்கு முன்ன அது நடக்குமா? நான் ஒரு முறிய முடிச்சு, கதவச் சாத்தி, சாத்துன கதவுல ஓர்லி பேப்பரு ஒட்டிருவா, இது சுத்தம், உள்ள போவாதீங்கன்னு. மறுநா பாத்தா உள்ள ரொட்டி. நான் திருப்பி முட்டு போட்டுத் தொடைக்கணும்.

ஒருநா ஓர்லி அந்த டிராயரத் தொறந்தா. பாதி பன்னு கெடக்கு. காய்ஞ்சு பொடிஞ்சு டிராயரு முழுக்கத் தூளு. அவ திட்டல. "எப்ஸி, இந்த முறி முடிஞ்சுன்னுதான சொன்ன?" அம்புட்டுதான். சிரிச்ச மூஞ்சியோட. திட்டினா திருப்பி ரெண்டு சொல்லலாம், நெஞ்சு ஆறும். இது என்ன செய்ய? நான் பொய் சொன்னேன்னு ஆச்சுல்லா? நான், பொய்!

அன்னிக்கு அவ வேலைக்குப் போன பொறவு அப்பச்சன் வாறாரு. பாக்கெட்டுல ரொட்டி. "மோளே, கிதோன் எப்ப வரும்?" நான் தொடச்ச துணிய வாளியில போட்டுட்டு நிமிந்து சொன்னேன். "கிதோன் வர மாட்டான் அப்பச்சா. கிதோன் செத்துப் போனான். லாரியில இடிச்சு செத்தான். நீங்கதான மண்ணு போட்டீங்க. இனி ரொட்டி வைக்காதீங்க."

மலையாளத்துலதான் சொன்னேன். அவருக்கு நல்லாப் புரியட்டும்னு.

கைய எடுத்து சட்டக் காலரப் பிடிச்சாரு. பிடிச்சு ஒரே இழுப்பு. பட்டன் தெறிச்சு, காலரு பக்கம் டர்ருன்னு கீறிப் போச்சு. நான் பயந்துட்டேன், பைத்தியம் முத்திட்டோன்னு. பொறவுதான் மனசுல ஓடிச்சு, யாக்கோபு! யோசேப்புக்க அங்கியக் காட்டுனப்ப யாக்கோபு இதத்தான செய்தாரு! அவியளுக்கு அது மொற. பெத்தது செத்துப் போச்சுன்னு கேட்டா உடுத்திருக்க துணியக் கிழிக்கணும். புத்தி போன ஆளு, பேரப்பிள்ளைகளுக்க பேரு தெரியாது, இது மட்டும் கைக்கு மறக்கல. வேதத்துல உள்ளத நேருல பாக்க எத்தன பேருக்குக் கெடைக்கும் சொல்லுங்க. எனக்கு மயிரு கூச்செறிஞ்சு போச்சு.

பொறவு கீழ தரையில இருந்தாரு. அழுதாரு. கேட்டாரு, "எப்ப? கூட ஆரு இருந்து?" நான் தெரிஞ்சதச் சொன்னேன். "அவன் கழிச்சிட்டா போச்சு?" சாப்பிட்டுட்டுப் போனானான்னு கேக்காரு. எனக்கு எப்பிடித் தெரியும்? தெரியாது அப்பச்சான்னேன். விட மாட்டேங்காரு. அதையே கேக்காரு, கேக்காரு. நானும் எம்புட்டு நேரம் நிக்கது, அடுப்பு கழுவணும். "இல்ல, பசியோடதான் போனான்"னுட்டேன். அப்பத்தான் வாய மூடுனாரு.

பொய்யாங்கீங்களா? எப்பிடிப் பொய்யாவும்? எனக்குத் தெரியாத காரியம். இப்பிடியும் இருக்கலாம், அப்பிடியும் இருக்கலாம். தெரிஞ்சிட்டு மாத்திச் சொன்னாத்தான் பொய்யி.

அன்னிக்கு உச்சைக்குச் சாப்பிட்டுட்டு நல்லா ஒறங்குனாரு. எப்பமும் குளிப்பாட்டதுக்குள்ள என்ன ரெண்டு அடி அடிப்பாரு, அன்னிக்கு கைய நீட்டுன்னா நீட்டுனாரு, தலையக் குனின்னா குனிஞ்சாரு. சாயங்காலம் ரொட்டியத் தட்டுலயே வச்சுட்டாரு. பிள்ள மாதிரி. நான் எனக்குள்ள சொன்னேன், பாத்தியா எப்சி, உண்மைக்கு எம்புட்டு பெலம்னு.

ஆனா மறுநா காலையில என்ன? "மோளே, கிதோன் எப்ப வரும்?" பாக்கெட்டுல ரொட்டி. சொன்னதெல்லாம் போச்சு, சிலேட்டத் தொடச்ச மாதிரி. நான் என்ன செய்ய முடியும்? நேத்து செத்தவன் இன்னிக்கு கப்பல்ல இருக்கான்னு சொல்ல எனக்கு வாய் வருமா? சொன்னேன். திருப்பி அதே மாதிரி. காலரு, டர்ரு, தரை, அழுகை, கழிச்சிட்டா போச்சு. அன்னிக்கும் நல்லா ஒறங்குனாரு.

பொறவு அது ஒரு மொற ஆயிட்டு. காலையில எல்லாரும் வெளிய போன ஒடனே சொல்லிருவேன். சில நாளு அவரு கேக்க மறந்து போவாரு. நான் ஞாபகப்படுத்துவேன். "அப்பச்சா, கிதோனப் பத்திக் கேக்கலயா?" காலையில சொன்னா உச்ச வரைக்கும் அனக்கம் இருக்காது. ரொட்டி ஒளிக்க மாட்டாரு, குறுக்க நடக்க மாட்டாரு, நான் எனக்க பாட்டுக்கு வீட்டக் கழுவுவேன். அடங்கி இருக்கதுக்கு டாக்டரு குடுத்த மாத்திர அலமாரியிலயே இருந்துச்சு, தொடல. மாத்திரையெல்லாம் கிட்னிக்குக் கேடு. அவருக்க நல்லதுக்கும் நான்தான் பாக்கணும்.

ஒரே தொந்தரவு என்னன்னா, சட்ட. தினம் ஒரு சட்ட கிழியும். ஓர்லி வாறதுக்கு முன்ன எல்லாத்தையும் தைக்கணும். காலருக்கு அடியில தையலு தெரியாம தைக்கது லேசு இல்ல, கண்ணு போயிரும். அவ ஒருநா கேட்டா, அப்பாவுக்க சட்டையெல்லாம் என்ன இப்பிடி இருக்குன்னு. கை சும்மா இருக்க மாட்டேங்கு, பிச்சிக்கிட்டே இருக்காருன்னேன். உள்ளதுதான, அவருக்க கைதான கிழிச்சுது?

பண்டிகைக்கு முந்தின சாயங்காலம் ஒரு சடங்கு உண்டு. வீட்டுல எல்லா வெளக்கையும் அணைச்சிட்டு, ஒரு மெழுகுவத்திய வச்சிட்டு, குடும்பமா வீடு முழுக்க ரொட்டித் தூள் தேடணும். ஒண்ணுமே கெடைக்கலன்னா தேடுனது வீணாப் போயிருமாம், அதனால அவியளே முன்கூட்டி துண்டு துண்டாப் பேப்பருல பொதிஞ்சு அங்கங்க வச்சிருப்பாவ. பிள்ளையளு கண்டுபிடிச்சு கண்டுபிடிச்சு துள்ளும். ஒரு எறகால தூத்து மரக்கரண்டியில எடுப்பாவ, மறுநா காலையில முத்தத்துல போட்டு எரிப்பாவ. அப்பச்சனும் கூட நடந்தாரு. கிதோனுக்க முறிக்கு வந்ததும் ஓர்லிக்கு பயம், இங்க என்னெல்லாம் கெடக்கோன்னு. மெழுகுவத்திய டிராயருக்குள்ள காட்டுகா, கட்டிலுக்கு அடியில காட்டுகா, செருப்பக் கவுத்துப் பாக்கா. ஒண்ணும் இல்ல. ஒரு தூள் இல்ல. அப்பச்சன் வாசல்லயே நின்னாரு, யாருக்க வீட்டுக்கோ வந்த மாதிரி.

ஓர்லி என்னக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. கண்ணுல தண்ணி. "அப்பாவ எப்பிடிப் பழக்குன எப்ஸி? நாங்க எத்தன வருஷமா சொல்லிப் பாத்தோம்!"

"அன்பாச் சொன்னேன்" அப்பிடின்னேன்.

இனி விருந்து நாளு. அந்தச் சாயங்காலந்தான் எனக்கு எல்லாம் போச்சு.

அப்பச்சனுக்க தங்கச்சி ஒரு அம்மா வந்தாவ, சிப்போரான்னு பேரு. வேற ஊருல இருக்காவ, முட்டுக்கு ஆப்பரேஷன் செய்ததால கொஞ்ச வருஷமா வரல. அவிய வந்ததால மேசையில எடம் பத்தல. எப்பமும் நான் அப்பச்சனுக்குப் பக்கத்துல இருந்து ஊட்டுவேன். அன்னிக்கு அந்த எடம் தங்கச்சிக்கு. எனக்கு அடுக்களை வாசல்ல ஒரு முக்காலி. சரி, போட்டும். ஆனா கேளுங்க, அப்பச்சனுக்கு எதுத்தாப்புல ஒரு நாற்காலி சும்மா கெடக்கு. தட்டு வச்சு, கிளாசு வச்சு, சாயதுக்கு மெத்த வச்சு. அடிம இல்ல, சுதந்தரக்காரன்னு காட்டதுக்கு அன்னிக்கு மெத்தையில சாய்ஞ்சுட்டுத் திங்கணுமாம். அது யாருக்குன்னு கேட்டீங்கன்னா கிதோனுக்கு. அப்பச்சனுக்க ஆறுதலுக்கு வருஷம் தோறும் போடுகது. மண்ணுக்குள்ள கெடக்கவனுக்கு மெத்த, அவருக்க மலத்த அள்ளுத எனக்கு முக்காலி. நான் ஒண்ணும் சொல்லல. சொல்லுத ஆளா நானு?

மேசையில எல்லாத்துக்கும் ஒரு அர்த்தம். புளிக்காத அப்பம், அது அவசரத்துக்கு. கசப்புக் கீர, அது அடிமப்பட்ட கசப்புக்கு. உப்புத் தண்ணி, கண்ணீருக்கு. பேரீச்சம் பழத்தக் காய்ச்சி வச்சிருப்பாவ, நெறம் மண்ணு மாதிரி, அது செங்கல்லு அறுத்த சேறு. கசப்பக் கடிக்கும்ப எல்லாரும் மூஞ்சியச் சுளிச்சாவ. நான் சுளிக்கல, நம்ம ஊரு பாவக்காயில பாதிகூட இல்ல.

சின்னப் பிள்ள எழும்பி கேட்டுது, இந்த ராத்திரி மட்டும் ஏன் வேற மாதிரின்னு. அதுக்குப் பதிலாத்தான் முழுக் கதையும். ஓர்லிக்க மாப்பிள எனக்குன்னு வெளக்கிச் சொன்னாரு. இந்தக் கதையத் தெரிஞ்சவனும் திருப்பிச் சொல்லணும். பழங்கத மாதிரி சொல்லப்படாது, எனக்கே நடந்துச்சு, நானே அங்க இருந்து வந்தேன்னு நெனச்சுச் சொல்லணும், கேக்கவனும் இன்னிக்கு நடந்த மாதிரி கேக்கணும். எம்புட்டு அதிகம் சொல்லுகமோ அம்புட்டு நல்லது. எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சு. நான் தினமும் அதத்தான செய்யேன்! அப்பச்சன மாதிரி அன்னன்னைக்குப் புதுசாக் கேக்க ஆளு வேற யாரு உண்டு?

இன்னொண்ணு. எகிப்துக்காரனுக்கு வந்த வாதைய ஒவ்வொண்ணாச் சொல்லும்ப வெரலத் திராட்சரசத்துல முக்கி ஒரு சொட்டு வெளிய விடுவாவ. கடைசி வாத தலைச்சன் பிள்ளைகள் செத்தது. செத்தவன் எதிரியா இருந்தாலும், ஒருத்தன் பிள்ள செத்ததுக்கு நம்ம கிண்ணம் நெறஞ்சு இருக்கப்படாதாம், அதுக்காக்கும் அந்தச் சொட்டு. நல்ல அர்த்தம், இல்லியா? நானும் முக்காலியில இருந்துட்டே சொட்டு விட்டேன்.

அப்பத்தான் சிப்போரா அம்மா அப்பச்சனுக்குத் துண்டு கெட்டதுக்குக் காலரத் தூக்குனாவ. வெள்ளச் சட்ட, பண்டிகைக்குன்னு புதுசு. காலையில கிழிச்சத நான் வெள்ள நூலு வச்சுத் தைச்சிருந்தேன். ஓர்லி பாத்திருந்தா தையலு அம்புட்டுதான்னு விட்டிருப்பா. இவிய பழைய ஆளுல்லா. வெரலால தடவுனாவ, தடவிட்டு நின்னுட்டாவ. அண்ணன்ட்ட மலையாளத்துல கேட்டாவ, "ஆரு மரிச்சு?"

அப்பச்சன் சிரிச்சாரு. "ஆரும் மரிச்சில்லா. கிதோன் இப்ப வரும்."

அந்த அம்மா நிமிந்து என்னப் பாத்தாவ. இவியளுக்கு மலையாளம் தெரியும்ன்னு எனக்குத் தோணவே இல்ல, பாத்துக்கிடுங்க. இல்ல, தோணிச்சு. தோணினா என்ன? நான் மறைக்க என்ன இருக்கு?

சாப்பிட்டு முடிச்ச பொறவு வாசக் கதவத் தொறக்கணும். எலியா தீர்க்கதரிசி வருவாராம், அவருக்குன்னு ஒரு கிண்ணம் நெறச்சு நடுவுல வச்சிருக்கும். கதவுக்குப் பக்கத்துல நான்தான, நான் போய்த் தொறந்தேன். காத்து உள்ள வந்துச்சு. எல்லாரும் எழும்பி நின்னாவ. அப்பச்சனும் மேசையப் பிடிச்சு எழும்பி, வாசலப் பாத்து, "கிதோனே!"ன்னு ஒரு விளி. தொண்ட கிழிய.

"வருவான் அப்பா, வருவான்" அப்பிடின்னு ஓர்லி. "கப்பல்ல இருக்கு தாத்தா" அப்பிடின்னு சின்னது. அவரு அவங்களப் பாக்கல. என்னப் பாத்தாரு. "மோளே, நீ பற. இவரொக்கே வெறுதே பறயுகா." எல்லாரும் சும்மா சொல்லுகாவ, நீ சொல்லுன்னு. அத்தன பேரு நிக்க எடத்துல, பெத்த மக நிக்க எடத்துல, என்னத்தான் நம்புனாரு. நான் எப்பிடிப் பொய் சொல்லுவேன்? அதும் அந்த ராத்திரியில?

"கிதோன் செத்துப் போனான் அப்பச்சா."

கை காலருக்குப் போச்சு. நான் வெள்ள நூலு வச்சுத் தைச்ச அதே எடம். டர்ருன்னு கேட்டுது, தொறந்த கதவு வழியாத் தெருவுக்குக் கேட்டிருக்கும். "கழிச்சிட்டா போச்சு?" நான் எப்பமும் சொல்லுகதச் சொன்னேன்.

சிப்போரா அம்மா மேசையச் சுத்தி எனக்க முன்னால வந்து நின்னாவ. "எத்தன வாட்டி சொன்ன?"

"கேட்டப்பல்லாம்."

"தினமும் கேட்டானா?"

"கேக்காத நாளு நானே ஞாபகப்படுத்துனேன்" அப்பிடின்னேன். உள்ளதச் சொன்னேன். எனக்கு ஒளிக்கத் தெரியாது.

அவிய என்ன அடிப்பாவன்னு நெனச்சேன். அடிக்கல. "பண்டிக வந்தா எங்க துக்கத்தையே நிறுத்தி வைக்கணும்னு சட்டம். துக்கத்துக்கு இருக்கவனும் எழும்பிரணும். நீ தினம் தினம் எனக்க அண்ணனத் தரையில இருத்தினியா?" அப்பிடின்னாவ. பொறவு ஓர்லிக்கு எபிரேயுல சொன்னாவ. ஓர்லி எல்லாத்தையும் கேட்டா. கேட்டுட்டு அப்பச்சனுக்க பக்கத்துல தரையில போய் இருந்தா. எனக்க மூஞ்சியப் பாக்கவே இல்ல. சட்டையெல்லாம் அலமாரியில இருந்து எடுத்துட்டு வரச் சொன்னா மாப்பிளய. ஒவ்வொண்ணா காலரத் திருப்பிப் பாத்தா. நான் எம்புட்டு நேர்த்தியாத் தைச்சிருக்கேன்னு பாத்திருப்பா. ஒரு வார்த்த அதப் பத்திச் சொல்லணுமே! சொல்லல.

மறுநா பண்டிக நாளு, வண்டி எடுக்க மாட்டாவ. அதுக்கு மறுநா டாக்சி வந்துச்சு. ஓர்லி என்ட்ட கடைசியாப் பேசினா. "எப்ஸி, அவரு உன்னத் தேடுகாரு. போய்ச் சொல்லிட்டு வா. கிதோனப் பத்தி ஒரு வார்த்த வேண்டாம். கெஞ்சிக் கேக்கேன்." கையெடுத்துக் கும்பிடாத கொற. நம்ம மாதிரி கும்பிட அவியளுக்குத் தெரியாது, இல்லன்னா கும்பிட்டிருப்பா.

போனேன். கட்டில்ல இருந்தாரு. காலரு வச்ச சட்டையே போடல அவருக்கு, கழுத்து வட்டமா ஒரு பனியன் போட்டு விட்டிருந்தா மக. என்னக் கண்டதும் மூஞ்சி மலந்துச்சு. "போறியா மோளே? கொஞ்சம் நில்லு. கிதோன் இப்ப வரும், அவன் உன்ன ஏர்ப்போர்ட்டுல கொண்டு விடும்."

நீங்களே சொல்லுங்க. நல்ல ஒரு பெரிய மனுஷன், ஒரு ஆளு வந்து கொண்டு விடும்னு என்னைய நிப்பாட்டுகாரு. வராத ஆளுக்கு நான் காத்து நிக்க முடியுமா? வெளிய டாக்சிக்காரன் ஹார்ன் அடிக்கான். அதும் போக, மலையாளத்துல சொல்லி மறைச்சேன், யாருக்கும் தெரியாமச் சொன்னேன்னுதான எனக்க மேல குத்தம்? அந்தப் பேரு எனக்கு வேண்டாம். இந்த வாட்டி எபிரேயுல சொன்னேன். எல்லாருக்கும் கேக்கட்டும்னு சத்தமாச் சொன்னேன். "உங்க மகன் செத்துட்டான். போயிட்டு வாறேன்."

கை கழுத்துக்குப் போச்சு. பிடிக்க ஒண்ணும் இல்ல. பனியன இழுக்காரு, அது ரப்பரு மாதிரி நீளுகு, கிழிய மாட்டேங்கு. கிழிஞ்சாத்தான அழுக வரும் அவருக்கு. கை கெடந்து தேடுகு, தோளுல, நெஞ்சுல. வாய் தொறந்து கெடக்கு, சத்தம் வரல. எனக்கே ஒரு மாதிரி ஆயிட்டு.

அப்ப ஓர்லி ஓடி வந்தா. என்னத் தள்ளிட்டு அவருக்க முன்னால முட்டு போட்டு இருந்தா. அந்தக் கையப் பிடிச்சுத் தனக்க சட்டக் காலருல வச்சா. வச்சு, அவருக்க கைய அவ கையால மூடிக்கிட்டு, ரெண்டு பேருமாச் சேந்து ஒரே இழுப்பு. அவளும் அழுகா, அவரும் அழுகாரு. இத்தன வருஷத்துல அவ தம்பிக்கு அழுது நான் பாக்கல, எப்பமும் சிரிச்ச மூஞ்சி.

பண்டிகைக்குன்னு எடுத்த புதுச் சட்ட, நீல நெறம். கழுத்துல இருந்து நெஞ்சு வரைக்கும் கீறிட்டுப் போச்சு. அத இனி யாரு தைப்பா சொல்லுங்க? அந்த வீட்டுல ஊசி பிடிக்கத் தெரிஞ்சவ நான் ஒருத்திதான்.